கார்னர் முபினின் நோன்பு

முபினைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அவன் பிடியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. முப்பத்துமூன்று வயது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறான். பகலெல்லாம் ரெக்சினை இழுத்து இழுத்துப் பழகிய கை அது. சாயங்காலம் அந்தக் கை ஒருவன் கணுக்காலில் விழுந்தால், அவன் எந்தக் குலதெய்வத்தைக் கூப்பிட்டாலும் நடுக்கோட்டுக்குத் திரும்பிப் போக மாட்டான். எங்கள் மலைக்காற்று கபடிக் குழுவில் பன்னிரண்டு வருஷமாக இடது கார்னர், அதாவது ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கிற ஆள், அவன்தான். அவனுக்கு அடுத்த இடமான கவரில் நிற்பவன் நான், கலையரசன், வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். முபின் பிடித்த ஆளின் மேல் போய் விழுவதுதான் என் வேலை. அதில் எனக்கும் பாதிப் புகழ் வந்திருக்கிறது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவன் பெரிய ஆசைகள் உள்ள ஆள் இல்லை. கடை, மனைவி பர்சானா, நாலு வயசுப் பெண் குழந்தை, கபடி, இவ்வளவுதான் அவன் உலகம். பத்து வயசிலிருந்து ரமலான் மாதம் ஒரு நோன்பு விட்டதில்லை. கபடியையும் நோன்பையும் அவன் ஒன்றோடொன்று முட்ட விட்டதே கிடையாது. முட்ட விட்டது நாங்கள்தான்.

போன வருஷ மார்ச்சில் செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு ஊரில் போட்டி. அரை இறுதியில் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தோம். கடைசி ரெய்டுக்கு வந்தவனின் காலை முபின் சரியாகத்தான் பிடித்தான். பிடித்த நொடியில் அவன் தொடை நரம்பு சுருட்டிக்கொண்டது. கை நழுவியது. வந்தவன் அவனையும் என்னையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டான். இரண்டு பாயிண்ட். ஆட்டம் போச்சு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த ஆட்டத்தில் எங்கள் ரெய்டர் வளவன் நாலு தடவை வெறுங்கையோடு திரும்பி வந்ததை யாரும் பேசவில்லை. எல்லோரும் நோன்பைப் பேசினார்கள்.

அதில் குரலை உயர்த்திப் பேசியவன் எங்கள் கேப்டன் திருமலை. ஆட்டோ ஓட்டுகிறவன். நல்லவன், ஆனால் வாய்க்கு பிரேக் கிடையாது. டீக்கடையில் பத்து பேர் முன்னால் சொன்னான்.

"அடுத்த வருஷமும் மேட்ச் ரமலான்ல வந்தா, ஒண்ணு நோன்ப விடு, இல்ல டீம விடு. ரெண்டையும் வச்சிக்கினு எங்க உசுர வாங்காத."

முபின் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு மாதம் கழித்து பைக் சீட் கிழிந்து அவன் கடைக்குப் போயிருந்தேன். பர்சானா சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முபின் நூல் வாங்கப் போன நேரத்தில் என்னிடம் உடைத்துவிட்டாள்.

"கலையண்ணா, அன்னிக்கு அவரு சஹருக்கே எந்திரிக்கல. முந்தின நாளு ஆர்டர் ஜாஸ்தின்னு ரெண்டு மணி வரைக்கும் தச்சாரு. விடிகாலைல நான் எழுப்பி எழுப்பி பாத்தேன், அசையவே இல்ல. முந்தின நாளு ராத்திரி குடிச்ச கஞ்சியோடதான் உங்க மேட்சுக்கு வந்தாரு. இத யாருகிட்டயும் சொல்லாதன்னு எனக்கு சத்தியம் வேற."

"ஏன் சொல்லக் கூடாது?"

"சாக்கு சொல்ற மாதிரி இருக்குமாம்."

இந்த மாதிரி ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது! விடியுமுன் சாப்பிடுகிற சஹர் சாப்பாடுதான் நோன்பாளிக்கு நாள் முழுவதற்குமான எரிபொருள். அது இல்லாமல் ஓடினால் யார் காலாக இருந்தாலும் சுருட்டும். குற்றம் தூக்கத்தின் மேல். பழி நோன்பின் மேல்.

இந்த வருஷமும் போட்டி ரமலானில்தான் வந்தது. மூன்றாவது வாரம், சனி ஞாயிறு. அறிவிப்பு வந்த அன்றே முபின் மைதானத்துக்கு வந்து திருமலை முன்னால் நின்றான்.

"நான் நோன்ப விடமாட்டேன். டீம விடவும் மனசில்ல. ஒண்ணு பண்ணு. என்ன சோதிச்சுப் பாரு. ஓட்டத்துலயோ பிடியிலயோ கம்மியா போச்சுன்னா நானே வெளிய உக்காந்துக்கறேன். அதுக்கப்புறம் இந்த டீமுக்கு வரவே மாட்டேன்."

ஒரு வருஷம் விட்டு மறு வருஷம் வந்து ஆடுகிற ஆட்டக்காரன் இல்லை அவன். அன்று வெளியே உட்கார்ந்தால் அத்தோடு அவன் கபடி முடிந்தது. முப்பத்துமூன்று வயசில் வேறு எந்தக் குழுவும் கூப்பிடாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திருமலை சரியென்று தலையை ஆட்டினான்.

சோதனை இதுதான். பத்து மீட்டர் தூரத்தைப் போய்ப் போய் வந்து பத்து தடவை ஓட வேண்டும். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் அதே ஓட்டம். பிறகு இரும்புக் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டும், கை விடுகிற வரைக்கும். நேரம் மாலை ஐந்தரை மணி, அதாவது நோன்பாளிக்கு உடம்பு மிகவும் வறண்டிருக்கும் நேரம். போனில் நேரம் பார்த்தது நான். தினமும் அதை பர்சானாவுக்கு அனுப்பினேன். அவள் கட்டம் போட்ட நோட்டில் கோடு வரைந்தாள்.

ரமலானுக்கு முந்தின வாரம் ஓட்டம் இருபத்தெட்டு நொடி. முதல் நோன்பன்று முப்பது. இரண்டாம் நாள் முப்பதரை, அதோடு மண்டையைப் பிளக்கிற தலைவலி. திருமலை என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். அன்றைய கணக்கைப் பயந்துகொண்டேதான் அனுப்பினேன். பர்சானா மட்டும் கலங்கவில்லை.

"தலவலி பசியால இல்லண்ணா. இவரு ஒரு நாளைக்கு ஏழு டீ குடிக்கிறவரு. அத ஒரேயடியா நிறுத்துனா மண்ட இடிக்காம என்ன செய்யும்?"

நாலாம் நாள் தலைவலி நின்றது. சஹருக்கு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிடுவதையும் அவள் நிறுத்தினாள். எண்ணெயும் உப்பும் பகலில் தாகத்தைக் கிளப்பின. அதற்குப் பதில் கேழ்வரகுக் களி, கடைந்த கீரை, இரண்டு முட்டை, தயிர். நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். இரவுத் தொழுகை முடிந்ததும் நேராகப் படுக்கை. மாலைக்கு மேல் கடை திறக்கக் கூடாது. மதியத் தொழுகைக்குப் பிறகு கடையிலேயே ஸ்பாஞ்சுக் குவியல் மேல் ஒரு மணி நேரம் தூக்கம். சீட் கவர் கடைக்காரனுக்கு மெத்தைக்கா பஞ்சம்!

பத்தாம் நாள் ஓட்டம் இருபத்தெட்டரையில் வந்து நின்றது. கம்பியில் தொங்குவது முதல் நாளிலிருந்தே குறையவில்லை, ஒரு நொடி அப்படி இப்படி. பத்து நிமிஷம் கழித்து ஓடுகிற இரண்டாவது ஓட்டத்தில் மட்டும் இரண்டு நொடி கூடுதலாகவே இருந்தது. அது கடைசி வரை மாறவில்லை. ஒன்றரை கிலோ எடையும் குறைந்திருந்தான். ஆக, நோன்பு உடம்பில் ஒன்றுமே செய்யாது என்று நான் புளுக மாட்டேன். திரும்பத் திரும்ப ஓடுகிறவனுக்கு அது ஓட்டத்தில் தெரியும். ஒரே பாய்ச்சலில் காலைப் பிடிக்கிறவனுக்குத் தெரியாது. எங்களுக்கு வேண்டியது பிடிக்கிறவன்தான். வேறு ஆளுக்கு வேறு மாதிரி இருக்கலாம், நாங்கள் சோதித்தது ஒரே ஒரு முபினை.

திருமலை அந்த நோட்டை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினான். கோடு புரிந்ததோ இல்லையோ, "நீ ஆடற" என்று சொல்லிவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிரச்சினை அதோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் பசங்களுக்கு மரியாதை முற்றிப் போனது. முபின் வந்தால் டீ கிளாஸை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். வளவன் பிஸ்கட்டை மென்றுகொண்டிருந்தவன் அப்படியே விழுங்கி விக்கினான். தண்ணீர் பாட்டில்கள் ஒரு வேப்ப மரத்துக்குப் பின்னால் தலைமறைவாயின. முபினுக்கு இது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. அவன்தான் எதையும் நேரத்துக்குச் சொல்லாத ஆளாயிற்றே.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு அரை இறுதி. மார்ச் வெயில் மலைப்பாறையில் பட்டு அனலாக இறங்குகிற நேரம். ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷமே எனக்குக் கண் இருட்டியது. வளவன் ரெய்டு போனவன் பாதி தூரத்தில் மூச்சு வாங்கித் திரும்பினான். திருமலையின் கெண்டைக்கால் சுருட்டியது. முபின் ஒருவன்தான் நின்று ஆடினான். முதல் பாதியில் மட்டும் ஐந்து பிடி.

இடைவேளையில் எல்லோரும் தரையில் விழுந்து கிடந்தோம். தண்ணீர் கேன் பக்கத்தில் இருந்தது. யாரும் தொடவில்லை. முபின் கேனைப் பார்த்தான். வெளுத்துப்போன வளவன் உதட்டைப் பார்த்தான்.

"டேய், தண்ணி குடிங்கடா."

எல்லோரும் திருமலையைப் பார்த்தார்கள்.

"என்னடா ஆச்சு உங்களுக்கு?"

திருமலை தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "நாங்களும் இன்னிக்கி நோன்பு."

முபின் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எவன்டா உங்கள வைக்கச் சொன்னது?"

"போன வருஷம் உன்ன பத்து பேரு முன்னால அப்டி பேசிட்டேன். எப்டி மன்னிப்பு கேக்கறதுன்னு தெரியல. அதான் எல்லாருகிட்டயும் நான்தான் சொன்னேன்."

"மன்னிப்பு கேக்க வாய் இருக்குல்ல? வயித்த ஏன்டா காயப்போட்ட? செரி, சஹருக்கு என்ன சாப்ட்டீங்க?"

"சாப்புடறதா? நோன்பாச்சே. நேத்து ராத்திரி சாப்ட்டதுதான்."

எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் தீபம் ஏறுகிறவரை பச்சைத் தண்ணீர் படாமல் இருப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். நோன்பு என்றதும் பசங்கள் அந்தக் கணக்கில் இறங்கிவிட்டார்கள். தீபத்தன்று மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும்தான் வேலை, யாரும் கபடி ஆடுவதில்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கு சஹரைப் பற்றித் தெரியும். முந்தின நாளே சொன்னேன். விடிகாலையில் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு நோன்பு என்று சொல்வது போங்கு ஆட்டம் என்றான் வளவன். சரி, நானாவது சாப்பிடலாமென்று நாலு மணிக்கு அலாரம் வைத்தேன். அதை அணைத்துவிட்டு ஏழு மணி வரை தூங்கியதும் நான்தான்.

முபின் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். "நான் விடிகாலைல ரெண்டு உருண்ட களி, ரெண்டு முட்ட, ஒரு சொம்பு தயிரு, வயிறு முட்ட தண்ணின்னு உள்ள தள்ளிட்டு வந்து நிக்கறேன்டா. நீங்க வெறும் வயித்தோட வந்து எனக்குத் தொண நிக்கறீங்களா?"

சிரித்துவிடுவான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக முபினுக்குக் கோபம் வந்ததைப் பார்த்தேன்.

"நான் நோன்பு வைக்கறது அல்லாவுக்கு. நீங்க யாருக்கு வச்சீங்க, எனக்கா? எனக்கு வாணாம். நீங்க டீய ஒளிச்சு ஒளிச்சு குடிக்கறப்ப எனக்கு எப்டி இருக்குது தெரியுமா? ஆஸ்பத்திரில படுத்திருக்கற மாதிரி இருக்குது. எனக்கு ஒண்ணும் இல்லடா. நான் நல்லா இருக்கேன். என் எதிர்லயே சாப்டுங்க, என் எதிர்லயே குடிங்க. அதுதான் நீங்க எனக்குக் குடுக்கற மரியாத."

சொல்லிவிட்டு கேனைத் தூக்கித் திருமலை வாயில் அவனே ஊற்றினான். நாக்கு வறண்ட நோன்பாளி, ஆறு பேருக்கு வரிசையாகத் தண்ணீர் ஊற்றினான். நாங்கள் மாடு குடிப்பது போல் குடித்தோம். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எங்களுக்கு வெட்கம் முதலில் பறந்தது.

இரண்டாம் பாதியில் முபினின் பிடிகளால் ஒரு பாயிண்டில் தப்பித்து இறுதிக்குப் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம், மின்னொளியில். மதியமே மைதானத்தில் கூடினோம். திருமலை ஒரு பெரிய பார்சலைப் பிரித்தான். இட்லி. முபினுக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு விள்ளல் வாயில் வைத்தான். விழுங்க முடியாமல் கண் கலங்கியது.

"சட்னி கம்மியா ஊத்தியிருக்க. இன்னும் ஊத்திக்கோ" என்றான் முபின்.

அதற்குப் பிறகு இட்லி தடையில்லாமல் இறங்கியது. அந்த ஒரு மாதத்தில் முபின் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. யார் எத்தனை இட்லி தின்றார்கள் என்று எண்ணி எண்ணிக் கிண்டல் செய்தான். வளவனுக்குப் பதினொன்று.

ஐந்தரைக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம், சிறப்பு விருந்தினர் வந்து பேசி முடித்துத் தொடங்க ஆறு ஆகிவிட்டது. அன்றைக்கு நோன்பு திறக்கிற நேரம் ஆறு இருபத்தைந்து. ஆட்டத்தின் நடுவில் வந்து விழும். "பரவால்ல, முடிஞ்சதும் தொறந்துக்கறேன்" என்று முபின் சொல்லிவிட்டான். திருமலை கேட்டுக்கொண்டு, கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பர்சானாவிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தான்.

அந்தப் போட்டியில் ஒரு குழுவுக்கு ஆட்டம் முழுக்க இரண்டே டைம் அவுட், ஒவ்வொன்றும் முப்பது நொடி. முதலாவது தொடக்கத்திலேயே வளவனுக்கு முட்டியில் அடிபட்டபோது போய்விட்டது. முதல் பாதி முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது எங்கள் பக்கம் இரண்டே பேர் மிச்சம், நானும் திருமலையும். எனக்கு மூச்சு தொண்டையில் நின்றது. இன்னும் ஒரு ரெய்டில் ஆல் அவுட் ஆகிவிடுவோம் என்று தெரிந்தது.

"டைம் அவுட் கேளுடா!" என்று கத்தினேன்.

திருமலை தலையை ஆட்டி மறுத்தான்.

"கேளுடா, செத்துருவேன்!"

கேட்கவில்லை. அடுத்த ரெய்டில் இரண்டு பேரும் அவுட். ஆல் அவுட்டுக்கு இரண்டு பாயிண்ட் கூடுதலாக அவர்களுக்குப் போயிற்று. இடைவேளையில் நான் அவனைத் திட்டிய திட்டு அச்சில் ஏறாது. அவன் வாயே திறக்கவில்லை, அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது.

இரண்டாம் பாதி தொடங்கியதுமே முபினுக்குச் சூடு பிடித்துவிட்டது. அடுத்தடுத்து இரண்டு பிடி. அப்போது கூட்டத்தில் இருந்த பர்சானா எழுந்து நின்று கையை உயர்த்தினாள். திருமலை உடனே நடுவரைப் பார்த்துக் கையைக் கையின் மேல் வைத்து டைம் அவுட் காட்டினான். பெஞ்சுக்கு ஓடி ஒரு காகிதப் பொட்டலத்தையும் பாட்டிலையும் கொண்டுவந்தான். பொட்டலத்தில் மூன்று பேரீச்சம்பழம்.

"தொற" என்றான்.

முபின் அவனை ஒரு கணம் பார்த்தான். பிறகு கண்ணை மூடி உதட்டுக்குள் ஓதினான். ஒரு பழத்தைக் கடித்தான். தண்ணீரை மூன்று மடக்காகக் குடித்தான். முப்பது நொடியும் நாங்கள் ஆறு பேரும் அவனைச் சுற்றி வட்டமாக நின்றோம். யாரும் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஆட்டத்தில் முபினுக்கு மொத்தம் எட்டு பிடி. சிறந்த பிடி ஆட்டக்காரர் பரிசாக ஒரு பிரஷர் குக்கர் வாங்கினான். கோப்பை எங்களுக்கு வரவில்லை, இரண்டு பாயிண்டில் தோற்றோம். சரியாக அந்த ஆல் அவுட்டின் இரண்டு பாயிண்ட்.

போட்டி நடத்தியவர் ஆதிமூலம், ஆட்ட நுணுக்கம் தெரிந்த பெரியவர். பரிசளிப்பு முடிந்ததும் திருமலையிடம் வந்து ஆதங்கப்பட்டார். "ஏம்பா, மொத பாதிலயே அந்த டைம் அவுட்ட எடுத்திருந்தா ஆல் அவுட் ஆயிருக்காது. கப்பு உங்களுதுபா. அத எதுக்கு அவ்ளோ நேரம் புடிச்சி வச்சிருந்த?"

திருமலை அவரை ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"நல்லா கேட்டீங்க. அப்பவே எடுத்துட்டா எங்க கார்னர் எப்டிங்க நோன்பு தொறப்பான்?"

பக்கத்தில் குக்கரைக் கட்டிக்கொண்டு நின்ற முபினுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. துடைக்கக் கை ஒழியாமல், எல்லோர் எதிரிலும் அப்படியே அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றான்.